பத்தடி முன்னால்

அவருடைய முகம் எனக்கு அவ்வளவாக நினைவில் இல்லை. முதுகைக் கேளுங்கள், சொல்கிறேன். இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். பிடரிக்குக் கீழே, பையின் வார் உரசி உரசி ஒரு கறுத்த தடம். ஆரஞ்சு நிற ஜாக்கெட்டின் பின்புறத்தில், இருட்டில் பளபளப்பதற்காக ஒட்டிய பட்டை பாதி உரிந்து, நடக்கும்போது வால் மாதிரி ஆடும். மூன்று வருடம் அவரோடு ஓடியிருக்கிறேன், மலை ஏறியிருக்கிறேன், படகு வலித்திருக்கிறேன். அவ்வளவும் அந்த வாலைப் பார்த்துக்கொண்டுதான்.

அண்ணன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். வயதுக்காக அல்ல. எங்கள் தமிழ்க் கூட்டத்தில் அவரைவிட மூத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் முன்னால் பிறந்தவர் என்ற பட்டத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. சொந்த ஊர் மலேசியாவில் ஈப்போ பக்கம், பேச்சின் வாலில் அந்த ஊர் ‘லா’ ஒட்டிக்கொண்டே வரும். ஆக்லாந்துக்கு வந்து வெகுகாலம். கிளென்ஃபீல்டில், கடைவீதிக்கு மேலே ஏறும் சரிவில் சொந்த வீடு. வேலை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில். எந்த வீட்டுக்கு எந்த மாதிரி ஆபத்து வரும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது. நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை, சம்பளமே அதற்குத்தான்.

அவருக்கு யாருடனும் சேர்ந்து நடக்கத் தெரியாது. எப்போதும் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருப்பார். கிளென்ஃபீல்ட் மாலில் முதன்முதலாக நான் பார்த்தபோதும் அப்படித்தான். அவர் கையை வீசிப் பேசிக்கொண்டே வேகமாக வருகிறார். பின்னால் அண்ணி டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தவர், செருப்புக் கடையில் தள்ளுபடி என்று போட்டிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார். இவர் திரும்பவில்லை. வீட்டுக் கூரையை மாற்றுவது பற்றிய மொத்தப் பேச்சையும் பின்னால் வந்த ஒரு கொரிய அம்மாவிடம் சொல்லி முடித்தார். அந்த அம்மா மரியாதைக்காகத் தலையை ஆட்டிக்கொண்டே எஸ்கலேட்டர் வரைக்கும் வந்தார்.

தெரிந்த ஒருவரின் இறுதிச் சடங்குக்குப் போனோம். சவ வண்டியின் பின்னால் கார்கள் வரிசையாக, விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போயின. ஒரு ரவுண்டபவுட்டில் ஆரஞ்சு ஜாக்கெட் ஓட்டிய கார் சவ வண்டியையே சுற்றி முந்திப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எரியூட்டும் இடத்தின் வாசலில் நின்று, கை கூப்பி, செத்தவரை வரவேற்றார்.

இப்படிப்பட்டவர் தேர்ந்தெடுத்த விளையாட்டு அட்வென்ச்சர் ரேஸ். ஓட்டம், சைக்கிள், படகு, மலை, சேறு எல்லாம் சேர்ந்த ஒரு நாள் கூத்து அது. வரைபடத்தை வைத்துக்கொண்டு காட்டுக்குள் செக்பாயிண்டுகளைத் தேடிப் போக வேண்டும். தனியாகப் போக முடியாது, குழுவாகத்தான் போக வேண்டும். குழுவில் எல்லாரும் சேர்ந்து வந்தால்தான் வந்ததாகக் கணக்கு. அதில் சேர வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றியது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. மீனுக்கு மரம் ஏற ஆசை வந்தால் யார் தடுப்பது?

நான் திருச்சியிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. மற்றவர்களின் எலும்பைப் பார்ப்பது, வாடகை வீட்டுக்கு வருவது, தூங்குவது. சனிக்கிழமை காலையில் மட்டும் பூங்காவில் ஓடுவேன். ஒரு சனிக்கிழமை, என்னை முந்திப் போன முதுகு ஒன்று தலையைப் பாதி திருப்பியது.

“தங்கச்சி, நல்லா ஓடுறீங்க. நம்ம டீமுக்கு ஒரு லேடி வேணும் லா.”

“என்ன டீம் அண்ணே?”

பதில் காற்றோடு போய்விட்டது. துரத்திப் பிடித்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. பிறகு யோசித்தால், ஆள் எடுக்கும் தேர்வே அதுதான் போலிருக்கிறது.

கலப்புக் குழு என்ற பிரிவில் சேர்ந்தால் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது விதி. விசில், திசைகாட்டி, முதலுதவிப் பை, பெண். இதில் எது குறைந்தாலும் தொடக்கக் கோட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என்னை அந்தக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார் என்பது தெரிந்தேதான் சம்மதித்தேன். வேறு யாரும் என்னை எதற்கும் கூப்பிடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

“அண்ணி வரலாமே?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அவ வர மாட்டேங்குறா. போட்டின்னாலே பயம் அவளுக்கு,” என்றார்.

அண்ணியிடமே கேட்டேன். அண்ணிக்குப் பெயர் தேவி. மருந்துக் கடையில் மருந்தாளுநர். மாத்திரையை எண்ணிக் கொடுப்பது மாதிரிதான் வார்த்தையையும் கொடுப்பார். “கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த ரேஸ்லதானே இருக்கேன். அதுக்குத் தனியா சட்டையில நம்பர் வேற குத்திக்கணுமா?” என்றார்.

மூன்றாவது ஆள் ரூபன். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இளையவர், பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் வீடு. ஒரு அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பார்த்தார். அவர் வீடு கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்ததால் படகுப் பயிற்சி அங்கே என்று அண்ணன் முடிவு செய்தார். முடிவு செய்துவிட்டுத்தான் ரூபனுக்குச் சொன்னார்.

அந்தப் பக்கத்துக் கடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் வற்றும் நேரத்தில் அது கடல் இல்லை, களி. ரூபன் போனில் நேரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார், “அண்ணை, இப்ப தண்ணி வத்துது. இப்ப இறங்கினால் திரும்பி வரேலாது. கொஞ்சம் பொறுத்துப் போவம்.”

“தண்ணி நமக்காகவா காத்துக்கிட்டு இருக்கும்? நாமதான் லா முந்திக்கணும்,” என்று அண்ணன் தன் படகை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

நாங்கள் இருவரும் கரையில் நின்று பார்த்தோம். தூரத்தில் ஆரஞ்சுப் புள்ளி போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. துடுப்பு மேலே போய்க் கீழே வந்தது, படகு அசையவில்லை. அவர் எழுந்து இறங்கினார். இடுப்பு வரைக்கும் காணாமல் போனார். நாயோடு வந்த ஒரு கிழவர் எங்கள் பக்கத்தில் நின்று, “உங்கள் நண்பரா?” என்று கேட்டார். ரூபன், “இல்லை” என்றார். தண்ணீர் திரும்ப ஏறும் வரைக்கும் அண்ணன் அங்கேயே நின்றார். நாங்கள் ரூபன் வீட்டில் தோசை சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது, அப்போதுதான் கரையேறியவர் சொன்னார்: “பாத்தீங்களா? நான் போயிட்டு வந்துட்டேன், நீங்க இன்னும் தொடங்கவே இல்ல.”

பயிற்சியெல்லாம் இந்த அழகில்தான் நடந்தது. வைட்டாக்கரே காட்டில் கௌரி என்று ஒரு மரம். பெண்பிள்ளையின் பெயர் மாதிரி இருந்தாலும் நாலு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் பருமன். அதற்கு நோய் தொற்றாமலிருக்க, காட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஷூவைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நான் ஒரு ஷூவைத் தேய்த்து முடிப்பதற்குள் அவர் மேட்டுக்குப் போயிருப்பார். மேலேயிருந்து குரல் மட்டும் வரும்: “வாங்க வாங்க. இதோ வந்துருச்சு லா. அந்தத் திருப்பம்தான்.” அந்தத் திருப்பத்துக்குப் பிறகு இன்னொரு திருப்பம் இருக்கும். அதற்குப் பிறகும் அதே குரல் இருக்கும். நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், “சரி, ரெஸ்ட் எடுத்தாச்சு, போலாமா?” என்பார். ரெஸ்ட் எடுத்தது அவர்.

முதல் போட்டியில், பைன் மரக்காட்டு நடுவில் ஒரு செக்பாயிண்ட். தொப்பி போட்ட ஒரு வயதான வாலண்டியர் அம்மா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் எங்களுக்கு வெகுநேரம் முன்பே அங்கே போய்விட்டார். நாங்கள் பாதையின் வளைவில் வரும்போது சண்டை காதில் விழுந்தது.

“உங்கள் டீம் எங்கே?” என்றார் அந்த அம்மா.

“வந்துகொண்டே இருக்கிறார்கள். நான் வந்துவிட்டேனே, நேரத்தை எழுதுங்கள்.”

“அவர்கள் வரவில்லையென்றால் நீங்களும் வரவில்லை, ஐயா.”

“நான் உங்கள் முன்னால் நிற்கிறேன்!”

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எனக்கு அப்படித் தெரியவில்லை,” என்று சொல்லி டீயை உறிஞ்சினார். இந்த நாட்டில் கால்வைத்த நாள் முதல் எனக்கு மிகவும் பிடித்த மனுஷி யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஒரு கோடையில் ஆக்லாந்தே மிதக்கும்படி மழை கொட்டியது. நான் இருந்த வாடகை வீட்டின் கராஜுக்குள் தண்ணீர் வர ஆரம்பித்தது. யாருக்குப் போன் செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் அவர் நின்றார். தலையில் ஹெல்மெட், உடம்பில் மிதவைச் சட்டை, கையில் துடுப்பு. தண்ணீர் கணுக்கால் அளவுதான். வந்த வேகத்தில் கராஜின் பெரிய கதவைத் தூக்கித் திறந்தார். தெருவில் நின்ற தண்ணீரெல்லாம் ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்து என் வாஷிங் மெஷினை மூழ்கடித்தது. “அலமாக்!” என்று மலாயில் ஐயோ போட்டார். பிறகு பொழுது சாயும் வரைக்கும் வாளி வாளியாக மொண்டு கொட்டினார். கூப்பிடாமல் வந்தவர், முதலில் வந்தவர் அவர்தான். அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. மெஷின் போனது தனிக்கதை.

அடுத்த குளிர்காலத்தில் பனிப் போட்டி என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். வடதீவின் நடுவில் இருக்கிற எரிமலைச் சரிவில், ஸ்னோஷூ கட்டிக்கொண்டு ஒரு மேட்டைத் தாண்டிப் போய் மறுபக்கம் இறங்க வேண்டும். ஸ்னோஷூவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும் பிளாஸ்டிக் ட்ரேயை ஒவ்வொரு காலிலும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு, அடியில் இரும்புப் பல் வைத்தால் அதுதான். உடம்பின் எடை பரவி, கால் பனியில் புதையாமல் இருக்கும். ஆக்லாந்தில் பனி விழாது. அதனால் மேற்குக் கடற்கரையின் கறுப்பு மணல் மேட்டில் ட்ரேக்களைக் கட்டிக்கொண்டு பயிற்சி செய்தோம். பிக்னிக் வந்த ஒரு குடும்பத்தின் குழந்தை எங்களைப் பார்த்து அழுதது. அண்ணன் மட்டும் மேட்டின் உச்சியில் நின்று, “இதோ வந்துருச்சு லா,” என்றார்.

போட்டிக்கு முதல் நாள் ரூபனின் காரில் தெற்கே போய், கேரட்டுக்குச் சிலை வைத்திருக்கிற ஒரு சின்ன ஊரில் தங்கினோம். இரவெல்லாம் பனி கொட்டியது. காலையில் மலையடிவாரத்துக்குப் போனால் பழைய தடம் எதுவும் இல்லை. வெள்ளை வேட்டியை விரித்த மாதிரி ஒரே சரிவு, நட்டுவைத்த அடையாளக் கம்பங்கள் மட்டும் தெரிந்தன.

விசில் ஊதினார்கள். யாரும் ஓடவில்லை. எனக்கு அதுவே விசித்திரமாக இருந்தது. தாடி வைத்த, பார்த்தாலே மலையில் பிறந்தவர்கள் மாதிரி இருந்த ஆட்களெல்லாம் கையுறையைச் சரிசெய்துகொண்டும் வாரை இறுக்கிக்கொண்டும் நின்றார்கள். ஒருத்தர் எங்கள் பக்கம் திரும்பி, “நீங்கள் போங்கள்,” என்று அன்பாக வழிவிட்டார். அண்ணனுக்கு அதற்குமேல் அழைப்பு வேண்டுமா? பாய்ந்தார்.

ட்ரே கட்டியிருந்தும் புதுப் பனியில் முழங்கால் வரைக்கும் இறங்கியது. ஒவ்வொரு அடிக்கும் காலைத் தூக்கி, மிதித்து, அழுத்தி, மறுகாலைத் தூக்க வேண்டும். அவர் மிதித்துப் போன இடத்தில் பனி இறுகிப் படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டது. பின்னால் போன எங்களுக்குப் பெரிய சிரமமில்லை. எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு இன்னும் சுகம். திரும்பிப் பார்த்தேன். ஒரே கோடாக முப்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தர் சாக்லேட் தின்றார். இரண்டு பேர் ஏதோ ரக்பி ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்கள்.

“அண்ணை,” என்று ரூபன் கூப்பிட்டார். “கொஞ்சம் நில்லுங்கோ. நான் முன்னுக்குப் போறன். நீங்கள் பின்னுக்கு வந்து இளைப்பாறுங்கோ. மாறி மாறித்தான் போக வேணும்.”

“பின்னாடி எத்தன பேரு பாத்தீங்களா?” என்றார் அவர் மூச்சிரைக்க. முகமெல்லாம் சிரிப்பாக இருந்திருக்க வேண்டும், குரலில் தெரிந்தது. “ஒருத்தனாலயும் நம்மள முந்த முடியல லா!”

“முந்த ஏலாமல் இல்லை அண்ணை. அவையள் முந்த விரும்பேல்லை. நீங்கள் அவையளுக்கு ரோட்டுப் போட்டுக் குடுக்கிறியள்.”

அது அவர் காதில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் கால் நின்றிருக்காது. காலை முழுக்க, அந்த மலைச் சரிவில், முப்பது பேருக்கு ஒற்றை ஆளாக வழி வெட்டினார். ஜாக்கெட்டின் கழுத்திலிருந்து ஆவி கிளம்பியது. உள்ளே வியர்வையில் நனைந்துகொண்டிருந்தார். எக்ஸ்ரே எடுப்பவளுக்கு அவ்வளவு மருத்துவம் தெரியாது என்றாலும், அது நல்லதற்கில்லை என்று தெரிந்தது. “அண்ணே, ஜிப்பைக் கொஞ்சம் இறக்குங்க, தண்ணி குடிங்க,” என்றேன். “மேல போயி,” என்றார்.

மேலே காற்று பனியை அடித்துக் கொண்டுபோய், தரை கெட்டியாகக் கண்ணாடி மாதிரி கிடந்தது. இனி யாரும் யாருக்கும் வழி போட வேண்டியதில்லை. அந்தக் கெட்டித் தரையில் முதல் அடியை அவர் வைத்ததுதான் தாமதம், பின்னால் வந்த வரிசை கலைந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் சரசரவென்று எங்களைத் தாண்டினார்கள். போகிறபோது ஒவ்வொருத்தரும் நன்றி சொன்னார்கள். “தேங்க்ஸ் மேட்.” “அருமையான தடம்.” ஒருத்தர் அவர் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் மலையுச்சியில் நாங்கள் மூன்று பேர் மட்டும் நின்றோம். மேகம் இறங்க ஆரம்பித்தது.

அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மறைக்க மாட்டேன், நன்றாகவே வந்தது. பிறகு அவர் ஜிப்பை ஏற்ற முயன்று முடியாமல் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டதும் சிரிப்பு போய்விட்டது. பல் அடித்துக்கொண்டது. “போ… போலாம்,” என்றார், நாக்கு ஒட்டிக்கொண்டதுபோல.

ஈரச் சட்டையைக் கழற்ற வைத்து என் பையிலிருந்த உலர்ந்த சட்டையைப் போட்டுவிட்டோம். பெண்கள் சட்டை, ஊதா நிறம். அவர் கவனிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ரூபன் தன் ஃபிளாஸ்கில் இருந்த சர்க்கரைத் தண்ணீரைச் சூடாகப் புகட்டினார். அடுத்த செக்பாயிண்ட் கீழே ஒரு குடிலில். மேகத்துக்குள் ஹெலிகாப்டர் வர வழியில்லை. நின்றால் உறைவோம், நடந்தால் போய்ச் சேரலாம் என்று ரூபன் சொன்னார். ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் மங்கலாகத்தான் தெரிந்தது.

ரூபன் முன்னால், அண்ணன் நடுவில், நான் பின்னால். அந்த நிலைமையிலும் அவரால் அதைத் தாங்க முடியவில்லை. நாலடி போனதும் ரூபனைத் தாண்டுவதற்காகத் தடத்தைவிட்டு விலகி, மெத்துப் பனியில் தொடை வரைக்கும் புதைந்தார். தூக்கிவிட்டோம். மறுபடி விலகினார், மறுபடி புதைந்தார். “அண்ணை, என்ர கால் தடத்திலயே வாங்கோ, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்,” என்று ரூபன் கத்தினார். மூன்றாவது முறை விழுந்தபோது எழுந்திருக்க முயலவே இல்லை. பனியில் சாய்ந்து உட்கார்ந்து, சாவகாசமாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“தேவி, வந்துட்டியா?” என்றார்.

அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அதட்டல் இல்லை, அவசரம் இல்லை. புதிதாகக் கல்யாணமான ஒருத்தர் பஸ் ஏறும்போது கேட்பது மாதிரி இருந்தது.

“அண்ணே, நான் அண்ணி இல்ல. எந்திரிங்க,” என்றேன்.

அவர் முகம் மாறியது. “அவ எங்க? பின்னாடிதானே வந்தா?” என்று எழுந்து, மேல்நோக்கித் திரும்பி, நாங்கள் இறங்கிவந்த மேகத்துக்குள் ஏற ஆரம்பித்துவிட்டார். நான் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தேன். உதறினார். விழுந்து எழுந்து ஏறினார். ரூபன் கீழே ஒரு கம்பத்தடியில் நின்று, “அக்கா, அவரை விடாதேங்கோ! விடாதேங்கோ!” என்று கத்துகிறார். வேறு வழி தெரியவில்லை.

“நான்தான். தேவிதான்,” என்றேன். “இங்கதான் இருக்கேன். நீங்க இறங்குங்க, நான் பின்னாடியே வர்றேன்.”

அவர் நின்றார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சமர்த்தாகத் திரும்பி இறங்கினார். ரூபனை முந்தவில்லை. ஆனால் ஒவ்வொரு கம்பத்துக்கும் நின்று திரும்பினார். “வர்றியா?” “வர்றேன்.” அடுத்த கம்பம். “தேவி, வர்றியா?” “வர்றேன், நடங்க.” குடிலின் விளக்கு தெரியும் வரைக்கும் அப்படியே வந்தோம்.

அங்கிருந்தவர்கள் அவரைக் கம்பளிக்குள் சுருட்டி, அடுப்புப் பக்கம் கிடத்தி, சூப் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் கண் தெளிந்தது. தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “நமக்கு முன்னாடி எத்தன டீம் போச்சு?”

மேலே நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. நான் சொன்னேன், செத்துப்போயிருப்பீர்கள் அண்ணே என்றே சொன்னேன். “கொஞ்சம் குளிரா இருந்துச்சு லா,” என்றார். ஊதாச் சட்டையை அப்போதுதான் கவனித்தார். “இது யாரு சட்ட?”

சாயந்திரம் பரிசளிப்பு. இந்த ஊர்க்காரர்களின் கிண்டல் முகத்தில் தெரியாது. போட்டி நடத்தியவர் மேடையிலிருந்து எங்கள் குழுவைக் கூப்பிட்டு, பனி அள்ளுகிற ஒரு மண்வாரிக்கு ரிப்பன் கட்டி, “இன்று மலையில் மிகச் சிறந்த தடம் போட்டவருக்கு,” என்று நீட்டினார். அரங்கமே மேசையைத் தட்டிச் சிரித்தது. அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மைக்கைப் பிடித்து, முன்னால் போகிறவனின் பொறுப்பு என்பது பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். கைதட்டினார்கள். அதில் பாதி கிண்டல், பாதி உண்மை. அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

“அக்கா, இதோட காணும். இனி நான் வரமாட்டன்,” என்றார் ரூபன் என் காதில். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் காரின் முன் சீட்டில் உட்கார்ந்து அண்ணிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில். “முப்பது பேரு தேவி, என் பின்னாடி! ஒருத்தன்கூட முந்தல!” “கூட வந்த ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?” என்று அண்ணி கேட்டார். அண்ணன் அடுத்த ஆண்டுப் போட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ரூபன்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, “ஓம் அக்கா, நாங்கள் சுகமா இருக்கிறம்,” என்று அண்ணிக்குப் பதில் சொன்னார்.

மண்வாரி, பனியே விழாத கிளென்ஃபீல்ட் வீட்டின் ஹாலில், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும்படி மாட்டப்பட்டது.

அது குளிர்காலத்தின் கடைசி. அந்தக் கோடை வருவதற்குள் அண்ணி வீட்டை விட்டுப் போக முடிவு செய்துவிட்டார். பக்குரங்காவில் அவர் தங்கையின் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய யூனிட் காலியாக இருந்தது. மகள் சிட்னியில் வேலைக்குப் போய்விட்டாள், இனி யாருக்காகவும் இருக்க வேண்டியதில்லை என்றார். சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் அண்ணனிடம் சொன்னாராம். “நான் கொஞ்ச நாளா யோசிச்சுக்கிட்டு இருந்தேன்,” என்று தொடங்கியதும் அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, “சரி சரி, யோசிச்சு வை, ஓடிட்டு வந்து பேசலாம்,” என்று ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வாக்கியத்தின் மறுபாதியைக் கேட்க நாற்காலிதான் இருந்தது.

விஷயம் புரிந்த பிறகு எங்கள் கூட்டத்தில் அவர் சொல்லிக்கொண்டு திரிந்தது இது: “நான்தான் லா முதல்ல சொன்னேன், கொஞ்ச நாள் தனியா இருந்து பாருன்னு. ஐடியா என்னுது.”

இதிலும் அவர்தான் முதல்.

அண்ணி சாமான் மாற்றிய அன்று நான் என் காரைக் கொண்டுபோனேன். அண்ணன் பயிற்சிக்குப் போயிருந்தார். பெட்டிகள் அதிகமில்லை. பாலத்தைத் தாண்டி, நகரத்தைத் தாண்டி, பக்குரங்கா போய்ச் சேர்ந்து, இரண்டு பேரும் ஒவ்வொன்றாக உள்ளே வைத்தோம். கடைசிப் பெட்டியைத் தூக்கும்போது அண்ணி கேட்டார்.

“மலையில அவரு ஏதோ பெனாத்துனாராமே? ரூபன் சொன்னாரு. முழுசா சொல்லல.”

சொல்லலாமா என்று யோசித்தேன். “வர்றியா, வர்றியான்னு கேட்டுக்கிட்டே வந்தாரு அண்ணி.”

“யார?”

“உங்களைத்தான். என்னை நீங்கன்னு நினைச்சுக்கிட்டாரு.”

அண்ணி பெட்டியைக் கீழே வைத்தார். “நான் என்ன சொன்னேன்?” என்றார்.

“வர்றேன்னு சொன்னீங்க. இல்லன்னா மேல ஏறிப் போயிருப்பாரு, உங்களைத் தேடிக்கிட்டு.”

“தேடிக்கிட்டா?”

“ஆமா.”

“திரும்பிப் பாத்தாரா?”

“ஒவ்வொரு கம்பத்துக்கும் நின்னு பாத்தாரு அண்ணி.”

அண்ணி அழுவார் என்று நினைத்து நான் கையைக்கூட நீட்டிவிட்டேன். அவர் அழவில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த டேப்பின் நுனியை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தார். அப்புறம் சிரித்தார்.

“பாருங்க,” என்றார். “நான் இல்லாத எடத்துல போயி திரும்பிப் பாத்திருக்காரு.”

டேப்பை ஒரே இழுப்பில் கிழித்துவிட்டுப் பாத்திரங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.